யாசகரை வரையும்போது: கிழிந்த சட்டையை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்

தரையில் உட்கார்ந்து கை நீட்டும் முதியவர் ஒருவரை வரைய எனக்கு ஆறு தாள்கள் ஆயின. முதல் ஐந்திலும் கிழிந்த சட்டை, பரட்டைத் தலை, கண்ணீர் எல்லாம் இருந்தும் வேஷம் போட்டவர் போலத்தான் தெரிந்தார். ஆறாவதில் கைகூடியதை எழுதுகிறேன்.

1. இடம்: உருவத்தைத் தாளின் கீழ்ப்பாதிக்குள் அடக்குங்கள். மேலே சுவர், மரம் எதுவும் வேண்டாம். அந்த வெறுமையே அவருக்குக் கூரை இல்லை என்று சொல்லிவிடும்.

2. முதுகு: கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வளைகோடு. முழங்கால்கள் நெஞ்சை ஒட்டியிருக்கட்டும்.

3. கை: நான் திணறியது இங்கேதான். கையை முழுசாக நீட்டி வரைந்தால் அதட்டிக் கேட்பது போல இருக்கிறது. கண்ணாடி முன் தரையில் உட்கார்ந்து நானே கை நீட்டிப் பார்த்தேன். சில நிமிடங்களில் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது, மணிக்கட்டு தொய்ந்தது, விரல்கள் பாதி மடங்கின. நாள் முழுக்க நீட்டிய கை இப்படித்தான் இருக்கும். அதை அப்படியே வரையுங்கள். உள்ளங்கைக் குழியில் மட்டும் நிழலை அழுத்தித் தீட்டினால் அது வெறுங்கை என்பது புரியும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் செய்த செதுக்கோவியம் (உலோகத் தகட்டில் கோடு பதித்து அச்சிடும் படம்) ஒன்றில், மேட்டில் உட்கார்ந்து கை நீட்டும் யாசகருக்குத் தன் முகத்தையே கொடுத்திருக்கிறார். நீங்களும் கண்ணாடியைப் பார்த்தே வரையுங்கள். தெருவில் இருப்பவரை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிக்க வேண்டாம்.

4. நிழல்: என் தேர்வு சார்க்கோல்தான், அதாவது வரையும் கரித்துண்டு. பென்சிலை அழுத்தினால் பளபளப்பு வந்துவிடும். இந்த உருவத்துக்கு அது ஒட்டாது. கன்னக்குழி, கழுத்துப் பள்ளம், பாதம் தரையைத் தொடும் இடம், இவை மூன்றும் கருமையாக இருந்தால் போதும். 1943 வங்கப் பஞ்சத்தை வங்க ஓவியர் ஜைனுல் ஆபிதீன் மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சில கோடுகள்தான், ஆனால் விலா எலும்பு எண்ணிவிடலாம்.

5. பிச்சைப் பாத்திரம்: அதன் வாய் நம் பக்கம் சாய்ந்து உள்ளே காலியாகத் தெரியட்டும். மூட்டை, தடி என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

பின்சேர்க்கை: தன் படத்தில் யாசகர் அற்பமாகத் தெரிகிறார் என்று வாசகர் ஒருவர் வருந்தியிருந்தார். நின்றபடி குனிந்து பார்க்கும் கோணத்தில் வரைந்ததுதான் காரணம். உச்சந்தலை முழுக்கத் தெரிந்தது. பார்வை மட்டத்தை யாசகரின் கண்ணுக்கு நேராக இறக்குங்கள். அப்போது நாமும் அவர் எதிரே உட்கார்ந்துவிடுகிறோம். பாத்திரத்தின் வாய் கொஞ்சம் ஒடுங்கும், பரவாயில்லை.