படம் பார்க்கக் கடலை தாளிக்கும் முறை

வசனம் முக்கியமான படத்துக்கு, கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் போடும் தட்டையான பருத்தித்துறை வடை சரிவராது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) மாதிரிப் படத்தில் ஒரு கடி கடித்தால் ஒரு பகிடி போய்விடும். அதற்குத் தாளித்த கடலைதான் பொருத்தம். வடையைச் சண்டைப் படத்துக்கு வைத்திருங்கள்.

நாலு பேருக்கு 250 கிராம் கொண்டைக்கடலை போதும். முதல்நாள் இரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணித்தியாலமாவது ஊறவேண்டும். ஊறியது குறைந்தால் வழக்கமான நேரம் அவித்தாலும் நடுவில் மாவாகக் கடிபடும். உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு பிரஷர் குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். விரலால் நசித்தால் மசியவேண்டும், தோல் கழரக்கூடாது.

வடித்தபின் பத்து நிமிடம் அரிதட்டிலேயே கிடக்கட்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: ஈரத்தோடு தாச்சியில் கொட்டினால் கடலை வதங்காது, எண்ணெயில் அவிந்து சளசளத்துப்போகும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும் ஐந்தாறு செத்தல் மிளகாயைக் கிள்ளிப்போட்டு, வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்து வதக்குங்கள். மிளகாய் கறுத்தால் கசக்கும். அடுப்பைக் குறைத்தே வையுங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் கடலை, மூன்று நிமிடம். தேங்காய்ச் சொட்டு கடைசியில்தான். தேசிக்காய்ப் புளி இறக்கியபிறகு.

கடதாசிச் சுருளில் கொடுக்காதீர்கள், அதுவும் சரசரக்கும். கோப்பையும் கரண்டியும் கொடுத்தால் ரிமோட்டிலும் எண்ணெய் படாது.