பழைய ராக் டோன், கையில் கொஞ்சம் காசு: கிட்டார் ஆம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) விஷயத்தில் இரண்டு முறை காசைக் கரைத்தவன் நான். முதலில் 40 வாட் வால்வ் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அடுக்குமாடி வீட்டில் வால்யூமை 2க்கு மேல் திருப்ப முடியவில்லை. ஆறே மாதத்தில் விற்றுவிட்டேன். அடுத்து 5 வாட் குட்டி ஒன்று. அது ஏன் டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஒலிக்கிறது என்று புரியாமல் ஒரு வருடம் முழித்தேன். இப்போது அதே குட்டி ஆம்பிலிருந்துதான் நான் ஆசைப்பட்ட 1960களின் சத்தம் வருகிறது. மொத்தச் செலவு முதல் ஆம்புக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கிட்டாரை ட்யூன் செய்வது, கேபிளை எதில் செருகுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எந்தப் பழைய சத்தம்?

'விண்டேஜ்' என்ற சொல்லை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். செலெஸ்டியன் நிறுவனத்தின் 'விண்டேஜ் 30' ஸ்பீக்கரே 1986இல் வந்ததுதான். பழைய ராக் என்று நம் காதில் பதிந்திருக்கும் சத்தங்கள் பெரும்பாலும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்: ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் என்ற ஆம்ப் நிறுவனங்கள்.

ஃபெண்டர் கலிபோர்னியாக்காரர்கள். ட்வீட் துணி ஒட்டிய அவர்களுடைய 1950களின் ஆம்புகள் தணிவாக வாசித்தால் இனிமை, ஏற்றினால் கரகரப்பு. வாக்ஸ் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் பிறந்தது. ஏசி15, ஏசி30 என்ற ஆம்புகள் இரண்டிலும் ஈஎல்84 வகை வால்வுகள். மணி அடித்த மாதிரி மேல்சுருதி மின்னும். பீட்டில்ஸ், ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின், குயின் குழுவின் பிரையன் மே எல்லாரும் ஏசி30 ஆட்கள்.

மார்ஷல் கதைதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். ஜிம் மார்ஷல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்தவர். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்புகளின் விலை உள்ளூர்ப் பையன்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் ஜேடிஎம்45 என்ற ஆம்பை உருவாக்கினார். அதன் சர்க்யூட் ஏறக்குறைய ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்பினுடையதேதான். ஆனால் பாஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டிக்குள் நான்கு 12 அங்குல செலெஸ்டியன்கள். வால்வுகளும் உதிரிகளும்கூட வேறு. கிட்டத்தட்ட ஒரே சர்க்யூட், கேட்டால் இரண்டு வேறு ஆம்புகள். இதை நான் முதல் நாளே யோசித்துப் பார்த்திருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதைப் படி 4இல் சொல்கிறேன்.

இப்போதைக்கு, உங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளை எடுத்துக்கொண்டு அவை எந்த வீட்டுச் சத்தம் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். மூன்றும் வேண்டும் என்றால் படி 3க்குப் போகலாம்.

படி 2: வாட்டைக் குறையுங்கள்

பழைய ஆம்புகள் பலவற்றில் கெயின் என்று கரகரப்பைக் கூட்டும் தனிக் குமிழே கிடையாது. வால்யூமை ஏற்ற ஏற்ற வால்வுகள் திணறும். அந்தத் திணறல்தான் நாம் தேடும் டோன். அதனால் எவ்வளவு வாட் இருக்கிறது என்பதைவிட, அத்தனை வாட்டையும் உங்கள் வீட்டில் திணறவிட முடியுமா என்பதே கேள்வி.

இங்கே ஒரு கணக்கு எல்லாரையும் ஏமாற்றும். 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால் பத்து டெசிபெல்தான் குறைகிறது. காதுக்கு அது ஏறத்தாழ பாதிச் சத்தம். பத்தில் ஒரு பங்கு இல்லை, பாதி! ஆகவே 5 வாட் ஆம்பும் முழுதாக ஏற்றினால் பக்கத்து வீட்டு மாமா கதவைத் தட்டுவார். எனக்குத் தட்டினார். படுக்கையறைக்கு 1 வாட்டே போதும். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் 15 முதல் 20 வாட். அதற்கு மேல் தேவைப்படும் நாளில் ஆம்பின் முன்னால் மைக் வைப்பார்கள்.

வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள ஆம்ப் கிடைத்தால் விடாதீர்கள். மார்ஷல் ஆரிஜின் 20இல் 20, 3, 0.5 வாட் என்று மூன்று நிலை. புகேரா வி5இல் 5, 1, 0.1 வாட்.

படி 3: வால்வா, டிரான்சிஸ்டரா?

இதற்காக நண்பர்களுக்குள் சண்டையே வரும். என் கட்சி இது: கையில் காசு குறைவு, இருப்பது ஃப்ளாட், வாங்கப்போவது முதல் ஆம்ப் என்றால் வால்வை மறந்துவிடுங்கள். பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 மாதிரி ஒன்றைப் பாருங்கள். உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர், அரை வாட்டுக்குக் குறைக்கும் வசதி, 'க்ரஞ்ச்' என்று லேசான கரகரப்புக்கு ஒரு சேனல். மற்ற சேனல்களைத் தொடவே வேண்டாம், க்ரஞ்சில் கெயினைப் பாதிக்குக் கீழே வைத்தால் மூன்று வீட்டுச் சத்தத்துக்கும் பக்கத்தில் போகலாம். ஹெட்போனும் போடலாம். எளிமையாக ஒன்று போதும் என்றால் ஆரஞ்சு க்ரஷ் 20.

ஏற்கெனவே ஏதோ ஒரு க்ளீன் (கரகரப்பில்லாத) ஆம்ப் வீட்டில் இருக்கிறதா? அதை விற்காதீர்கள். ஜோயோ நிறுவனத்தின் அமெரிக்கன் சவுண்ட் பெடல் (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே செருகும் சின்னப் பெட்டி) ஒன்றை முன்னால் போடுங்கள், ஃபெண்டர் ட்வீட் பக்கம் போகும். மார்ஷல் பக்கம் என்றால் அதே நிறுவனத்தின் பிரிட்டிஷ் சவுண்ட். எனக்குத் தெரிந்து காசுக்கு இத்தனை பலன் தரும் பொருள் வேறில்லை.

வால்வுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் (என் மனசும் அடம்பிடித்தது) பழைய சந்தையில் மூன்றைத் தேடுங்கள்: வாக்ஸ் ஏசி15, ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், மேலே சொன்ன மார்ஷல் ஆரிஜின் 20. முதல் இரண்டும் 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், ஆளுக்கு இரண்டு ஈஎல்84.

படி 4: ஸ்பீக்கர். நான் வழுக்கி விழுந்த இடம்

என் 5 வாட் ஆம்பில் இருந்தது 8 அங்குல ஸ்பீக்கர். சத்தம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். வால்வை மாற்றினேன். கிட்டார் கம்பிகளை மாற்றினேன். மூன்று பெடல் வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நண்பர் வீட்டில் சும்மா விளையாட்டாக அவருடைய 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் என் ஆம்பைச் செருகினோம். ஒரே ஒரு 'E' கார்டு (கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) அடித்தேன். இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். அதே ஆம்ப், அதே கிட்டார், அதே விரல்கள்.

கிட்டார் ஸ்பீக்கர் என்பது வீட்டுப் பாட்டு ஸ்பீக்கர் மாதிரி எல்லாச் சுருதியையும் நேர்மையாகக் கொடுப்பதில்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது கையை விரித்துவிடும். டிஸ்டார்ஷனில் (அந்தக் கரகரப்பில்) உள்ள கொசு ரீங்காரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, அதனால் தானாக வடிகட்டப்படுகிறது. பெடலை நேராக ஹோம் தியேட்டரில் செருகினால் காதைக் கிழிப்பது இதனால்தான். 12 அங்குலக் கூம்பும் அதற்கேற்ற பெட்டியும் அடியில் சதையைச் சேர்க்கின்றன.

ஆக, வாங்கப் போகும் சின்ன ஆம்பின் பின்பக்கத்தில் 'ஸ்பீக்கர் அவுட்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியில் போட்டு அதில் செருகலாம். என் தேர்வு செலெஸ்டியன் கிரீன்பேக், 25 வாட். புதிதாக வாங்கினால் என் ஆம்பின் விலையைத் தொடும். நான் பழையது வாங்கினேன்.

இங்கே மூன்று விஷயங்களைத் தவறவிடாதீர்கள்.

ஓம் (மின்தடையை அளக்கும் அலகு) பொருந்த வேண்டும். ஆம்பின் துளையில் 8 ஓம் என்று போட்டிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர். வால்வ் ஆம்பை ஸ்பீக்கரே இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், உள்ளே அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். பழைய ஸ்பீக்கரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது எனக்கு 6.5 காட்டியது. கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவரோடு போனில் ஒரு மூச்சு சண்டை போட்டேன். பாவம் அவர். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரை, ஏழு என்றுதான் காட்டும். மீட்டர் அளப்பது டிசி மின்தடையை, ஸ்பீக்கரில் எழுதியிருப்பது வேறு கணக்கு. 16 ஓம் என்றால் 12, 13 காட்டும்.

ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். இரண்டு கேபிளின் முனையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் கம்பி வேறு. ஸ்பீக்கர் கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் தடித்த ஸ்பீக்கர் ஒயரும் இரண்டு ஜாக்கும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் தச்சரிடம் செய்தால் ஓட்டையின் அளவைச் சரியாகச் சொல்லுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர்தானே என்று நான் 12 அங்குல ஓட்டை போடச் சொன்னேன். ஸ்பீக்கரை வைத்தால் விளிம்பு நூலிழையில் நிற்கிறது, திருகு போட மரமே இல்லை. "தம்பி, பொருளைக் கொண்டாந்து காட்டிட்டு அளவு சொல்லக் கூடாதா?" என்றார் தச்சர். செலெஸ்டியனின் 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு ஓட்டை 283 மில்லிமீட்டர், ஏறத்தாழ 11 அங்குலம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டே எனக்குப் பிடித்தது. ஃபெண்டர், வாக்ஸ் பக்கம் சாய்பவர்கள் பின்பக்கத்தைப் பாதி திறந்து விடுங்கள். மார்ஷலின் நெஞ்சில் குத்தும் அடி வேண்டும் என்றால் முழுக்க மூடுங்கள்.

படி 5: கடையில் சோதிப்பது

உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் கெயினை 9இல் வைத்துக் காட்டுவார், அது சின்ன ஆம்பின் குறையை மறைக்கும் வித்தை. கெயினை 4க்கு இறக்கி, மாஸ்டர் வால்யூமைக் கடை தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பேஸ் (அடிச்சுருதி) 4, டிரெபிள் (மேல்சுருதி) 5, மிட் (நடுச்சுருதி) 7. ஃபெண்டர், மார்ஷல் வகை டோன் சர்க்யூட்டுகளில் எல்லாக் குமிழையும் 5இல் வைத்தாலும் நடுச்சுருதி பள்ளமாகத்தான் இருக்கும், அதனால்தான் மிட்டை ஏற்றச் சொல்கிறேன். பழைய பாட்டுப் பதிவுகளில் நாம் நினைப்பதைவிட கெயின் மிகக் குறைவு. ஏசி/டிசி என்ற ராக் குழுவின் மால்கம் யங் வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள், ஒவ்வொரு கம்பியும் தனியாகக் காதில் விழும்.

இப்போது முக்கியச் சோதனை. கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழை 10இலிருந்து 5க்கு இறக்குங்கள். கரகரப்பு விலகிச் சத்தம் தெளிந்தால் நல்ல ஆம்ப். கரகரப்பு அப்படியே இருந்து சத்தம் மட்டும் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆம்ப் தரையில் இருந்தால் ஸ்டூல் மேல் தூக்கி வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது.

படி 6: பழையது வாங்கும்போது

கால் மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். சின்ன வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கிண்ணென்று மணி ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பெரிய வால்வின் உள்ளே இருக்கும் தகடு செக்கச் செவேலென்று பழுத்தால் உடனே அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

ஆம்பைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஆம்பை நேராகச் செருகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம்முடைய 230இல் செருகக் கூடாது. அமெரிக்க மிக்சிக்கு வாங்குவோமே, அதே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 15 வாட் ஆம்ப்தானே என்று சின்னதாக வாங்காதீர்கள். 15 என்பது ஸ்பீக்கருக்குப் போவது. சுவரிலிருந்து இழுப்பது அதைப் போலப் பல மடங்கு. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்கு இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஆம்பின் டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும், காற்றோட்டமாக வையுங்கள்.

பின்சேர்க்கை 2: 'கம்பியில் கை வைத்தால் உர்ரென்ற இரைச்சல் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது. ஆம்ப் பழுதா?' என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இரைச்சல் கொஞ்சம் குறைவது பெரும்பாலான கிட்டார்களில் உண்டு. ஆனால் அவருக்குக் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைத்தபோது சுருக்கென்றும் அடித்திருக்கிறது. பார்த்தால் வாடகை வீட்டின் அந்த ப்ளக் பாயின்ட்டில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம், எர்த் ஒயரே இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் இழுத்ததும் சுருக்கென்பது நின்றது, இரைச்சலும் பாதி போனது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குபவர்கள் அதன் மூன்றாவது பின் உள்ளே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நான் வாங்கியதில் இணைந்திருக்கவில்லை.