இளையோர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓராண்டுக் கச்சேரித் திட்டம் வகுப்பது எப்படி: கொங்கு நாட்டுக்கு ஏற்ற ஒரு வழி

பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிம்பொனிக் குழு அமைக்க விரும்பும் எவரும் முதலில் கேட்பது எந்தப் படைப்பை வாசிக்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். முதலில் நாட்காட்டி, அடுத்து பிள்ளைகள், அதன் பிறகே படைப்புகள் என்ற வரிசையில் திட்டமிட்ட ஆண்டுகளில்தான் எங்கள் குழு மூன்று கச்சேரிகளையும் நடத்தி முடித்திருக்கிறது. வரிசை மாறிய ஆண்டில் ஒன்றோடு நின்றுபோனோம்.

தேசிய அளவிலான இளையோர் குழுக்களும் இப்படித்தான் இயங்குகின்றன. 1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் 13 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் வாசிக்கிறார்கள். அவர்கள் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் கூடுவதில்லை. குளிர்காலம், வசந்தம், கோடை என மூன்று பள்ளி விடுமுறைகளில் ஒரே இடத்தில் தங்கிப் பயின்று, அந்தப் பயிற்சி முடிந்த கையோடு மேடை ஏறுகிறார்கள். கோடைச் சுற்றில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ‘புரோம்ஸ்’ (Proms) கோடை இசை விழாவும் அடங்கும். கார்னகி ஹால் 2013இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவோ 16 முதல் 19 வயதினரைக் கோடையில் மட்டும் கூட்டிப் பயிற்றுவித்து, பிறகு சுற்றுப்பயணம் அழைத்துச் செல்கிறது. மும்பையில் 2006இல் உருவான சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா பெரியவர்களின் தொழில்முறைக் குழு என்றாலும், அதுவும் பிப்ரவரி, செப்டம்பர் என இரண்டு பருவங்களை வைத்தே தன் ஆண்டைப் பிரித்துக்கொள்கிறது.

இந்த முறையைக் கோவைக்கோ ஈரோட்டுக்கோ கொண்டுவரும்போது பள்ளித் தேர்வுகளோடு கல்யாண முகூர்த்தங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்கவும், முந்நூறு பேர் கேட்கவும், அத்தனை பேருக்கும் சமைக்கவும் இடம் உள்ள கட்டடம் என்றால் அது பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான். தை முதல் ஆனி வரை முகூர்த்த நாளில் அது கிடைக்காது. மார்கழியில் கல்யாணம் இல்லை; அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் அதே மாதத்தில் வருகிறது. புரட்டாசியில் பல குடும்பங்கள் முகூர்த்தம் வைப்பதில்லை. காலாண்டு விடுமுறை அந்த மாதத்தில் அமைகிறது. ஆக, மண்டபம் காலியாக இருப்பதும் பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் ஒன்றுசேரும் இரண்டு வாரங்களைப் பஞ்சாங்கமே நமக்குக் குறித்துக் கொடுத்துவிடுகிறது. மண்டப மேலாளர்களும் அந்த நாட்களில் வாடகையைக் குறைத்துப் பேசுவார்கள். மூன்றாவது சுற்றை மே மாதத்தில், கோடை விடுமுறையால் காலியாக இருக்கும் பள்ளி அரங்கு ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு இருப்பதால், பொங்கல் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒத்திகை எதையும் வைக்காதீர்கள். வைத்தாலும் வரமாட்டார்கள், வந்தாலும் பெற்றோரின் முகத்தில் நாம் விழிக்க முடியாது.

ஆடி மாதத்திலும் மண்டபங்கள் காலிதான். ஆனால் அப்போது பள்ளி நடக்கிறது. தவிர, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் ஒரு தாளையும் ஸ்டாண்டில் நிற்கவிடாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவி) வாசிப்பவரின் தாள் எம்மாத்திரம். எந்த மாதமானாலும் ஒரு ஸ்டாண்டுக்கு நான்கு துணி கிளிப்புகள் என்று கணக்கிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சுழலும் மண்டபத்திலும் அவை தேவைப்படும்.

அடுத்து, வாசிக்கும் பிள்ளைகள். நம் ஊர்களில் அவர்கள் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறார்கள், மூவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களைச் சார்ந்த பிள்ளைகள் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, படிப்பார்கள், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுகள் எழுதியிருப்பார்கள். பள்ளி பேண்டுகளிலும் கல்யாண பேண்டு செட்டு வாசிக்கும் குடும்பங்களிலும் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் கிடைக்கும். எண்ணிக்கையில் அதிகம் இருப்பவர்கள் கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகள். தேர்வு வைக்கும்போது மூன்று தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. முதல் தரப்பிடம் முன்பின் பார்த்திராத நான்கு வரிகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். மற்றவர்களிடம் நாம் ஒருமுறை வாசித்துக் காட்டியதைத் திருப்பி வாசிக்கச் சொல்ல வேண்டும். காது கூர்மையாக உள்ள பிள்ளைக்கு நொட்டேஷன் பிறகு வந்துவிடும்.

கர்நாடக வயலின் பிள்ளைகளை மேற்கத்திய வரிசையில் உட்கார வைப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் முயற்சிகள் பெரும்பாலும் இங்குதான் முறிகின்றன. அந்தப் பிள்ளை தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டிப் பழகியது. ஆர்கெஸ்ட்ராவில் அது நாற்காலியில் உட்கார்ந்து, கருவியைத் தாடைக்கும் தோளுக்கும் இடையில் தாங்கி, ஜி-டி-ஏ-இ என்று தந்திகளை முறுக்கி, ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் நிறுத்த வேண்டும். ஒரே கருவியைக் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் சுருதி மாற்றிக்கொண்டிருந்தால் மெல்லிய தந்தி அறும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாயும். ஆகவே இயன்றவரை குழுவுக்கென்று ஆறேழு வயலின்களைத் தனியாக வாங்கி வைத்து, அவற்றில் தோள்தாங்கியும் பொருத்திவிடுவது நல்லது.

நொட்டேஷன் கற்பிக்கப் புதிய பாடம் எதையும் தேட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு மனப்பாடமாக உள்ள சரளி வரிசையைச் சங்கராபரண ஸ்வரங்களில், அதாவது சி மேஜரில், ஐந்து கோடுகளின் மீது எழுதிக் கொடுங்கள். கையும் காதும் அறிந்த ஒன்றைக் கண் தொடரத் தொடங்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் இரண்டு மாதத்தில் இப்படித்தான் தாளைப் பார்த்து வாசிக்கக் கற்றார்கள். கமகம் குறித்து ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு பேர் ஒரே ஸ்வரத்தை வாசிக்கையில் ஒவ்வொருவரும் தன் குரு சொல்லிக்கொடுத்தபடி அசைத்தால் அரங்கில் தேனீக்கூட்டின் ரீங்காரம்தான் எழும். அதைத் தவறு என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். இந்த இடத்தில் ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், பிள்ளையின் குருவிடமும் நேரில் போய் அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்காமல் சேர்த்துக்கொண்ட இரண்டு பிள்ளைகளை அவர்களுடைய ஆசிரியர் பாதிப் பருவத்தில் நிறுத்திவிட்டார், பிழை எங்களுடையது.

வயோலா வாசிப்பவர் கிடைக்கமாட்டார். உயரமான, நீண்ட விரல்கள் உள்ள இரண்டாம் வயலின் பிள்ளைகள் நால்வரைத் தேர்ந்து வயோலாவின் இசைத்தாளுக்கு உரிய ஆல்ட்டோ கிளெஃப் குறியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே ஒரே வழி. முதல் வயலின் ஆறு, இரண்டாம் வயலின் ஆறு, வயோலா நான்கு, செல்லோ நான்கு, டபுள் பேஸ் இரண்டு என 22 பேர் இருந்தால் ஒரு நல்ல தந்திக்குழு தயார். டபுள் பேஸ் அறவே இல்லையென்றால் முதல் ஆண்டில் கீபோர்டில் அந்தப் பகுதியை வாசிப்பது குற்றமல்ல.

இப்போது படைப்புகள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் தன் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகளோடு பியானோ கான்செர்ட்டோ உட்பட வேறு பலவற்றையும் சேர்த்து, குளிரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்ட ஒரு கச்சேரி நடத்தினார். ஒத்திகை போதாததால் கடைசிப் படைப்பு நடுவில் குலைந்து, மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கையில் இருப்பதையெல்லாம் ஒரே இரவில் வைக்கும் ஆசை அவரையே விடவில்லை. பிள்ளைகளின் கச்சேரி இடைவேளையின்றி 60 நிமிடங்களுக்குள் முடிவதே சரி. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பிச்சியும் அம்மிச்சியும் அதற்கு மேல் உட்காரமாட்டார்கள், கடைசிப் பேருந்தும் காத்திருக்காது.

முதல் சுற்றுக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘செயின்ட் பால்ஸ் சூட்’ மிகப் பொருத்தமானது. லண்டனில் தாம் கற்பித்த பெண்கள் பள்ளியின் தந்திக்குழுவுக்காகவே அவர் எழுதியது அது; நான்கு பகுதிகள், மொத்தம் சுமார் 13 நிமிடம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டு முதல் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. ஹோல்ஸ்ட் 1934இல் மறைந்ததால் அவர் எழுதியதைத் தடையின்றி வாசிக்கலாம். பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘சிம்பிள் சிம்பொனி’யும் பிள்ளைகளுக்கு உகந்ததுதான், அதன் இரண்டாம் பகுதியை வில்லைத் தொடாமல் விரலாலேயே மீட்டலாம் என்பதால் எங்கள் பிள்ளைகள் அதற்காகவே ஒத்திகைக்கு ஓடிவருவார்கள். ஆனால் அவர் 1976இல் மறைந்தவர் என்பதால் 2036 முடியும் வரை உரிமை உண்டு; ஒவ்வொரு கருவிக்குமான இசைத்தாள்களை விலைக்குத்தான் வாங்க வேண்டும், நகலெடுக்கக் கூடாது. திரைப்பாடல் ஒன்றாவது வேண்டும் என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் தொழில்முறை சாராத குழு வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. டிக்கெட் விற்றால் உரிமம் வாங்க வேண்டும், பாடலை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுவதற்கு அனுமதி தனி.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு நாட்கள் போதும். முதல் இரண்டு நாட்கள் வயலின் ஓர் அறையில், செல்லோ வேறோர் அறையில் எனப் பிரிந்தே பயில வேண்டும். மூன்றாம் நாள் மாலைக்கு முன் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் தெரியாதவர்கள் தெரிந்தவர்களின் சத்தத்தில் ஒளிந்துகொள்வார்கள். மதியத்துக்கு அரிசி பருப்புச் சாதமும் நெய்யும் போதும். ஒரே அண்டாவில் வேலை முடிந்துவிடும், பிள்ளைகளும் தூங்கி வழியமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் இரவு, எல்லோரும் போன பிறகு, மண்டபத்தில் தனியாக நின்று காதைத் தீட்டிக் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்காமல் விட்ட ஒரு மண்டபத்தில், மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதி முழுவதும் முதல் வயலின்களின் சுருதி சேராததுபோலவே ஒலித்தது. பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன். பிறகுதான் புரிந்தது, குற்றவாளி மேடைக்கு மேலே இருந்த பழைய குழல்விளக்கின் சோக். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் 100 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 200 ஹெர்ட்ஸிலும் முனகும். வயலினின் ஜி தந்தியோ 196 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி நொடிக்கு நான்கு துடிப்பாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த விளக்குகளை அணைத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்ததும் சுருதி தானாகச் சேர்ந்தது. மார்கழிக் காலையில் கருவிகளைக் குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கியதும் சுருதி கூட்டாமல் ஒரு மணி நேரம் அரங்கிலேயே வைத்திருங்கள். மே மாத வறட்சியில் முறுக்காணிகள் நழுவும். சிறிது சுண்ணக்கட்டி தடவினால் நிற்கும்.

ஆண்டின் கடைசிக் கச்சேரி மே மாதத்தில் வருவதால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் அன்றோடு விடைபெறுகிறார்கள். அன்றைக்கு ஹைடனின் 45ஆவது சிம்பொனியிலிருந்து இறுதி அடாஜியோவை, அதாவது மெதுவான கடைசிப் பகுதியை, மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எஃப் ஷார்ப் மைனர் சிம்பொனி என்பதால் முழுவதையும் வாசிப்பது சின்ன விரல்களுக்குக் கடினம். 1772இல் எழுதப்பட்ட இதன் முடிவில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராகத் தம் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஸ்டாண்டு விளக்குகளைக் கொண்டு நாமும் அதையே செய்யலாம். ஓபோ என்னும் ஊதுகுழல் இரண்டும் ஹார்னும் இல்லாத குழு அந்த வரிகளைக் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம். போகிற பிள்ளைகள் முதலில் எழுந்து போகும்படி இருக்கைகளை முன்கூட்டியே அமைத்து, கடைசியில் ஒலியைத் தணிக்கும் மியூட் பொருத்தி வாசிக்கும் இரண்டு வயலின்களை அடுத்த ஆண்டும் குழுவில் இருக்கப்போகும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த இரண்டு விளக்குகளும் அணைந்த கையோடு அரங்கின் மின்பணியாளர் பெரிய விளக்குகளைப் போட்டுவிடாதபடி மதியமே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.