ஆறு கார்டும் ஒரு டாங் டெஸ்டரும்: மைனிங் ரிக் கட்டுவது எப்படி

சித்திரையில் அக்கா மகன் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கோவை கணபதியில் இருக்கும் என் கடைக்கு வந்தான். உள்ளே ஆறு கிராபிக்ஸ் கார்டுகள். எல்லாம் ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி, யாரோ ஓட்டிக் கழித்தவை. கூடவே ஆறு கார்டு போடுகிற பயோஸ்டார் டிபி250-பிடிசி போர்டு, ஒரு செலரான் சிப், நாலு ஜிபி ராம். "மாமா, நீங்க 2017-லயே ரிக் ஓட்டினீங்கள்ல, இதைக் கட்டிக் குடுங்க" என்றான். ரிக் என்றால் பல கிராபிக்ஸ் கார்டுகளை ஒன்றாக மாட்டி, இரவு பகலாகக் கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாகக் கிரிப்டோ காசு எடுக்கும் மெஷின். அந்த வேலைக்குப் பெயர்தான் மைனிங்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். ஆனாலும் 2017 முதல் 2022 செப்டம்பர் வரை ஈத்தீரியம் என்ற கிரிப்டோ காசு எடுத்தவன்தான். அந்த செப்டம்பர் 10-ம் தேதி தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது. 15-ம் தேதி ஈத்தீரியம் மைனிங்கையே கைவிட்டு கார்டு ஓட்டிக் கணக்குப் போடத் தேவையில்லாத ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு மாறியது. ஒரே வாரத்தில் இரண்டு அடி. நான் ரிக்கை மூட்டை கட்டிவிட்டேன்.

அதனால் அவனிடம் முதலில் பேப்பரும் பேனாவும்தான் கொடுத்தேன். ஆறு கார்டும் நன்றாக ட்யூன் ஆனபிறகு சுவரிலிருந்து இழுப்பது 850 வாட் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 20.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,224 யூனிட். அக்கா வீட்டில் ஏற்கெனவே 500 யூனிட் ஓடுகிறது. 2022-ல் வந்த வீட்டுக் கட்டணத்தில் அடுத்த நூறு யூனிட்டுக்கு 8 ரூபாய், அதற்கடுத்த இருநூறுக்கு 9, இன்னொரு இருநூறுக்கு 10, ஆயிரத்துக்கு மேல் எல்லாமே 11. கூட்டினால் கூடுதல் பில் 12,564 ரூபாய்க்குக் குறையாது. அதன்பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது. காசு எடுக்கிற வேலையை வீட்டு சர்வீஸில் ஓட்டுவதும் விதிப்படி சரியில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு சர்வீஸை மாற்றிக்கொள்ள வேண்டும். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ். அந்த லாபத்தில் கரண்ட் பில்லைக் கழித்துக் காட்டவும் முடியாது. இதையெல்லாம் கேட்டபிறகும் "கத்துக்கத்தான் மாமா" என்றான். சரி, கத்துக்க வருகிறவனைத் திருப்பி அனுப்புவது எங்கள் கடை வழக்கம் இல்லை.

முதல் வேலை கரண்டு. 850 வாட் என்றால் ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுதான், ஆனால் இஸ்திரிப் பெட்டியை யாரும் இரவு பகலாக ஓட்டுவதில்லை. மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்தேன்: 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த் கண்டிப்பாக வேண்டும். எர்த் இல்லாமல் கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் போட்டால் அதன் பாடியில் மெயின்ஸில் பாதியளவுக்கு வோல்டேஜ் கசிந்து நிற்கும். ஃப்ரேமில் டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும், கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். அந்த நிலையில் ரைசரையும் கார்டையும் கழற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைக்குப் பழைய 1,200 வாட் சர்வர் சப்ளை ஒன்று, அதிலிருந்து ஒயர்களைப் பிரித்துத் தரும் பிரேக்அவுட் போர்டோடு. நம் ஊர் 230 வோல்ட்டில் இது முழு வாட்டையும் தரும். 850 வாட் என்றால் எழுபது சதவீத லோடு. எண்பதுக்கு மேல் நிரந்தரமாக ஓட்டக்கூடாது என்பது என் கணக்கு. இதன் ஃபேன் சத்தம் மட்டும் கிரைண்டர் மாதிரி. படுக்கையறைக்குப் பக்கம் என்றால் கம்ப்யூட்டருக்கான ஏடிஎக்ஸ் கோல்டு சப்ளையே வாங்குங்கள். போர்டுக்கு பைகோ என்ற குட்டி சப்ளை ஒன்று, கார்டுகளுக்கும் ரைசர்களுக்கும் 16 கேஜ் ஒயர். மெல்லிய 18 கேஜ் ஒயரும் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. ஓடும்போது தொட்டுப் பார்த்தால் சூட்டில் வித்தியாசம் தெரியும்.

இப்போது ரைசர். கார்டைப் போர்டிலிருந்து தள்ளி நிறுத்த உதவும் சின்ன பலகை இது. நீலக் கேபிள் யுஎஸ்பி மாதிரி இருக்கும், ஆனால் யுஎஸ்பி கிடையாது; அதைக் கம்ப்யூட்டர் யுஎஸ்பி போர்ட்டில் சொருகிவிடாதீர்கள். ரைசரோடு பெட்டியில் சாட்டா பவர் மாற்றி ஒன்று இலவசமாக வரும். எடுத்த உடனே குப்பையில் போடுங்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட்தான் தாங்கும். கார்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கும். 2017-ல் இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மாடியிலிருந்து கருகிய வாசனை. வைண்டிங் வார்னிஷ் கருகுவதும் பிளாஸ்டிக் கருகுவதும் வேறு வேறு என்று தூக்கத்திலும் எனக்குத் தெரியும். ஓடிப் போய் எம்சிபியை இறக்கினேன். சாட்டா கனெக்டர் உருகி ரைசரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சிக்ஸ் பின் ரைசர் மட்டும்தான், அதுவும் பிரேக்அவுட் போர்டிலிருந்து நேர் ஒயர். இரண்டு பவர் சப்ளை போடுகிறவர்கள் ஒரு கார்டையும் அதன் ரைசரையும் ஒரே சப்ளையில்தான் மாட்ட வேண்டும்.

ஃப்ரேம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்லாட்டட் ஆங்கிள் வெட்டி நானே முறுக்கிக் கொடுத்தேன். கார்டுக்குக் கார்டு மூன்று அங்குலம் இடைவெளி. கடையில் வைக்கச் சொன்னான், முடியாது என்றேன். கிரைண்டிங் பொடி கார்டு ஃபேனுக்குள் போனால் ஷார்ட்தான். மாடி அறையில் ஒரு பக்கம் ஜன்னலைத் திறந்து, எதிர்ச் சுவரில் 18 அங்குல எக்ஸாஸ்ட் போட்டோம். டேபிள் ஃபேன் வைப்பது அறைக்குள்ளேயே சூட்டைச் சுற்றிவிடும் வேலை. ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம். வெதுவெதுப்பான இடம் என்றால் பல்லி வந்து குடியிருக்கும். அதனால் ஒரு போர்டு இழந்திருக்கிறேன்.

போர்டு பயாஸில், அதாவது அதன் அடிப்படை செட்டிங்கில், மாற்ற வேண்டியவை: 'அபவ் 4ஜி டீகோடிங்' ஆன், இல்லாவிட்டால் நாலைந்து கார்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. பிசிஐ வேகம் ஜென் 1 அல்லது ஜென் 2. மானிட்டர் போர்டின் சொந்த போர்ட்டில். ஆடியோ ஆஃப். கரண்டு போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒன்று. பிறகு ஒரே ஒரு கார்டை மாட்டி பூட் செய்யுங்கள். சரியாக வந்தால் அணைத்து இரண்டாவது. இப்படி ஆறு தடவை. ஆறையும் ஒன்றாக மாட்டிவிட்டு எது கோளாறு என்று தேடுவது ஒரு நாள் வேலை. ஒவ்வொரு கார்டிலும் ரைசரிலும் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதிவிட்டேன்.

சாஃப்ட்வேர் ஹைவ் ஓஎஸ், கணக்குப் போடும் புரோகிராமான மைனர் டீம்ரெட்மைனர், காயின் ஈத்தீரியம் கிளாசிக். காசு வந்து சேரும் வாலட்டின் முகவரியை ஒட்டியபிறகு கடைசி ஆறு எழுத்தைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். வாலட்டுக்குச் சாவியான சீட் வார்த்தைகள் காகிதத்தில், பீரோவில். போனில் போட்டோ எடுத்து வைக்காதே என்று மூன்று தடவை சொன்னேன்.

இனி ட்யூனிங். இதற்குத்தான் இத்தனையும்.

மருமகன் முதலில் கேட்டது: "மாமா, ஹாஷ் எவ்வளவு ஏத்தலாம்?" கார்டு போடும் ஒரு கணக்குதான் ஹாஷ்; விநாடிக்குப் பத்து லட்சம் ஹாஷ் போட்டால் ஒரு மெகாஹாஷ். ஆனால் கேள்வியே தவறு. இந்த வகை அல்காரிதத்தில் ஒரு ஹாஷ் போட கார்டு தன் மெமரியிலிருந்து 128 பைட் வீதம் 64 தடவை படிக்க வேண்டும். அதாவது 8,192 பைட். ஆர்எக்ஸ் 580-ன் மெமரி 2,000 மெகாஹெர்ட்ஸில் ஒரு விநாடிக்கு 256 ஜிகாபைட் படிக்கும். வகுத்துப் பாருங்கள்: 31.25 மெகாஹாஷ். குட்டிக்கரணம் போட்டாலும் அந்த மெமரி வேகத்தில் அதற்கு மேல் வராது. வாங்கியபடியே ஓட்டினால் 22, 23 வரும். மெமரியின் டைமிங், அதாவது படிப்பதற்கு நடுவே காத்திருக்கும் நேரம், தளர்வாக வைத்திருப்பதால் அந்த இழப்பு. டைமிங்கை இறுக்கினால் 30-ஐத் தொடும். அதன்பிறகு நாம் செய்ய வேண்டியது, அதே 30-ஐ எவ்வளவு குறைந்த வாட்டில் வாங்குவது என்பதுதான். கணக்குப் போடும் கோர் பெரும்பாலும் மெமரிக்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிறவனுக்கு எதற்கு 1,366 மெகாஹெர்ட்ஸும் அத்தனை வோல்டேஜும்?

டைமிங்குக்கு கார்டின் பயாஸை மாற்ற வேண்டும். முதலில் ஆறு கார்டின் ஒரிஜினல் பயாஸையும் தனித்தனி ஃபைலாக, கார்டு நம்பர் போட்டு சேமித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம். போலாரிஸ் பயாஸ் எடிட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் மெமரி சிப் யார் தயாரிப்பு என்று காட்டும்: சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான், எல்பிடா. அதற்கேற்ற டைமிங்கை ஒரே பட்டனில் அதுவே போட்டுத் தரும். திரும்பக் கார்டில் ஏற்றுங்கள். ஒரு கார்டின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றக்கூடாது. ஒரே மாடல் என்றாலும் மெமரி வேறாக இருக்கலாம். தப்பாகப் போனால் பதறாதீர்கள். சில கார்டுகளில் இரண்டு பயாஸும் ஒரு சின்ன ஸ்விட்சும் இருக்கும். ஸ்விட்ச் இல்லாதவற்றில் போர்டின் சொந்த டிஸ்பிளேயில் பூட் செய்து பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

அடுத்து எண்கள். கோர் 1,150, மெமரி 2,000, வோல்டேஜ் 900 மில்லிவோல்ட். இங்கிருந்து தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு கார்டு, ஒரு நேரத்தில் ஒரு எண். முதலில் மெமரியை 25 வீதம் ஏற்றுங்கள். மைனர் தப்பு ஷேர், அதாவது தப்பான விடை, காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் 32 மெகாஹாஷ் காட்டி உள்ளுக்குள் நூற்றுக்கு மூன்று தப்பாகப் போனால் அது வெறும் பந்தா. பலர் சேர்ந்து மைனிங் செய்யும் பூல் எத்தனை ஷேரை ஏற்றுக்கொண்டது என்பதுதான் கூலி. தப்பு வந்த இடத்திலிருந்து 50 இறங்கி நின்றுவிடுங்கள். பிறகு வோல்டேஜ். 10 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு இரவு ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடியது என்பதெல்லாம் கணக்கில் சேராது. கார்டு ஹேங் ஆனால் 20 ஏற்றி, அதையே வைத்துவிடுங்கள். வோல்டேஜை இறக்குவதில்தான் உண்மையான லாபம்: சிப் தின்னும் கரண்டு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 1,150 மில்லிவோல்ட்டிலிருந்து 880-க்கு வந்தால் கோரின் செலவு அதில் மட்டுமே நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

சாஃப்ட்வேர் காட்டும் வாட்டை நம்பாதீர்கள். இந்த வகைக் கார்டு தன் சிப் தின்பதைத்தான் சொல்லும். மெமரி, ஃபேன், பவர் சப்ளை இழப்பு எல்லாம் அதில் வராது. பேஸ் ஒயரை மட்டும் தனியே பிரித்து ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினேன். ட்யூன் செய்யுமுன் ஆறும் ஓடியபோது 5 ஆம்பியர், ஏறக்குறைய 1,150 வாட். சப்ளைக்கு அது அதிகம் என்பதால் அளந்த உடனே நிறுத்திவிட்டேன். ட்யூன் ஆனபிறகு 3.7. முந்நூறு வாட் மிச்சம் என்றால் இரண்டு மாதத்தில் 432 யூனிட், 11 ரூபாய் கணக்கில் 4,750 ரூபாய். ஹாஷ் 135-லிருந்து 180-க்கு ஏறியது தனி.

கடை நோட்டில் ஆறு வரி எழுதி வைத்தோம்: நம்பர், மெமரி தயாரிப்பு, கோர், மெமரி, வோல்ட், ஹாஷ். ஆறும் ஒரே மாடல், ஆனால் ஒன்றுக்கொன்று வேறு. சாம்சங் மெமரி போட்ட முதல் இரண்டும் 2,100 தாண்டி நிம்மதியாக ஓடுகின்றன. ஹைனிக்ஸ் போட்ட நாலாம் நம்பர் 2,025-க்கு மேல் முரண்டு பிடிக்கிறது. அடுத்தவர் எண்ணைக் காப்பியடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதே நாலாம் நம்பர் நடுநடுவே காணாமலும் போனது. கார்டு போச்சு என்று மருமகன் முகம் வாடிவிட்டது. மூன்றாம் நம்பரின் ரைசரையும் இதன் ரைசரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டேன்; இப்போது மூன்றாம் நம்பர் காணாமல் போனது. கோளாறு ரைசரில். கார்டைச் சந்தேகிக்கும் முன் ரைசர், ரைசருக்கு முன் அதன் ஒயர்.

சூடு 65 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. 580-ல் மெமரிக்குத் தனி சென்சார் கிடையாது, அதனால் பேரிங் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கன்னால் கார்டின் முதுகைப் பார்க்கிறேன். பழைய கார்டு என்றால் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். இரண்டு கார்டில் பத்து டிகிரி இறங்கியது. ஃபேனை நூறு சதவீதத்தில் ஓட்டினால் பேரிங் சீக்கிரம் போகும், எழுபதே போதும்.

கடைசியாக, எங்கள் தொழிலிலிருந்து ஒரு சாமான். கரண்டு திரும்பி வரும் முதல் நிமிடங்களில் வோல்டேஜ் ஏறி இறங்கி விளையாடும். போர்வெல் மோட்டார் பேனலில் போடுகிற ஆன் டிலே டைமரையும் ஒரு கான்டாக்டரையும் ரிக் லைனில் மாட்டினேன். கரண்டு வந்து மூன்று நிமிடம் கழித்துத்தான் ரிக்குக்குப் போகும். ஹைவ் ஓஎஸ்ஸில் வாட்ச்டாக்கையும் ஆன் செய்துவிட்டால் ஹாஷ் விழும்போது தானே ரீபூட் ஆகிவிடும்.

ரிக் இப்போது அக்கா வீட்டு மாடியில் இருபது நாளாக நிற்காமல் ஓடுகிறது. சர்வீஸை மாற்றச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் அவன் பைக் கவரில்தான் இருக்கிறது. ஆனி மாதம் பில் வரும். அதை யார் கட்டுவது என்று அவன் தன் அம்மாவிடம் இன்னும் பேசவில்லை.