தவளைச் சத்தம் நிற்கும் இடம்: திகில் சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாக்காரர்கள் பலர் எழுதிய திகில் கதைகளை ஒரு தொகுப்புக்காகச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். மன்னார்குடியிலிருந்து வந்த கதையிலும் மயிலாடுதுறையிலிருந்து வந்த கதையிலும் ஒரே பாழடைந்த பங்களா, ஒரே மூடுபனி, தூரத்தில் ஒரே ஓநாய். நரி ஊளையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏன் ஓநாயை இரவல் வாங்குகிறார்கள்?

அடுத்தது, “எங்கும் மயான அமைதி” என்ற வரி. ஐப்பசி மழைக்குப் பிறகு சம்பா வயலில் அமைதி ஏது? தவளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தம் தூரத்தில் ஒரு வரப்போரம் மட்டும் சட்டென்று அடங்குகிறது. பிறகு அடுத்த வரப்பில். பிறகு அதற்கடுத்ததில், வீட்டை நோக்கி. ஆள் நடந்தால் தவளை அடங்கும் என்பது வயல்காரருக்குத் தெரியும். எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் எழுந்து கதவைச் சாத்தப் போவார். “அமானுஷ்யம்”, “குலைநடுங்கியது” போன்ற சொற்களும் வரிசையான ஆச்சரியக்குறிகளும் இங்கே எதற்கு?

பருவத்தைத் தவறவிடுவதும் கதையைக் கெடுக்கும். சித்திரையில் வெட்டாறு கரைபுரள்வதாக ஒருவர் எழுதியிருந்தார். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர அதற்கு மேலும் பல நாள் ஆகும். அதுவரை ஆறு வெறும் மணல்தான். குறுக்கே நடந்தே அக்கரைக்குப் போகலாம். அந்தக் காய்ந்த மணலில் ஈரக் கால்தடம் இருந்தால் அதுவே ஒரு கதை. சரியான மாதம் கையில் இருந்தும் நழுவவிட்டார்.

நவீனக் கதை என்றால் கைபேசியில் சிக்னல் போய்விட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வீட்டிலிருந்தபடியே கைபேசியால் போர்செட் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் இப்போது எத்தனையோ கொட்டகைகளில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, மோட்டார் ஓடுகிறது என்று தகவல் வருகிறது. அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் விடும் பழக்கம் அப்பாவுக்கு மட்டும்தான் உண்டு. அவருடைய காரியம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. சிக்னல் நன்றாகவே இருக்கிறது, கருவியிலும் பழுதில்லை.

கனவு கண்டு விழித்ததாக முடியும் கதைகளை அப்படியே திருப்பிவிடுகிறேன். மந்திரவாதி வந்து, கிணற்றில் விழுந்து செத்த பெண்ணின் முன்கதையைச் சொல்லும் முடிவு அதைவிட வருத்தம் தருகிறது. அவளைக் கிணற்றுக்குத் துரத்தியவர்கள் கதையில் முகமே இல்லாமல் தப்பிவிடுகிறார்கள். செத்தவள் மட்டும் பேயாக நின்று வாசகரைப் பயமுறுத்த வேண்டியிருக்கிறது.

இந்தத் தவறு கீழ்வெண்மணி வரைக்கும் போய்விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களைப் புகையுருவங்களாக வயலில் அலையவிட்டு ஒரு கதை வந்திருக்கிறது. அந்த இரவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எரிந்த குழந்தையைக் கண்டா வாசகர் நடுங்க வேண்டும்? நெருப்பு வைத்துவிட்டு, வாய்க்காலில் கைகால் கழுவி, வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்ட ஒருவனை வைத்து எழுதிப் பாருங்கள் என்று குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறேன்.