ஆபீஸ் அப்ரண்டிஸாகச் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வந்து பழகுங்க, ஆறு மாசம் போகட்டுங்க, சம்பளம் பேசிக்கலாம்." திருப்பூர் பனியன் கம்பெனியோ, கோவை பம்ப் ஆலையோ, கரூர் ஏற்றுமதி நிறுவனமோ, பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் ஆபீஸ் வேலை பழகப் போனால் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பிச் சேர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸுக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது பதிவாகவும் வேண்டும். 2014 திருத்தத்துக்குப் பிறகு கலை, வணிகவியல் பட்டதாரிகளும் இதற்குள் வந்துவிட்டார்கள். மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் நீங்களும் பதிய வேண்டும், கம்பெனியும் பதிய வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தன. நாட்ஸில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. பதிவு இல்லாவிட்டால் இந்தத் தொகையும் இல்லை, முடிவில் சான்றிதழும் இல்லை. ஓராண்டு வேலை அனுபவம் சேர்ந்துவிட்டால் நாட்ஸில் சேரும் தகுதியே போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். "நாட்ஸ்ல பதிஞ்சு எடுப்பீங்களாங்க?" என்று முதல் நாளே கேளுங்கள்.

பெயரில் இனிஷியல் பொருந்தாமல் சிக்குவது இன்னொன்று. ஆதாரில் இனிஷியல் முன்னால், டிகிரி சான்றிதழில் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. அரசின் பங்கு ஆதார் இணைத்த கணக்குக்கு நேராக வருவதால், விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

அப்ரண்டிஸ் என்றால் பர்மனென்ட் வேலை என்று வீட்டில் நம்பிவிடுவதும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகம் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு அறிவிப்பு விட்டால், அரசு வேலை கிடைத்துவிட்டதாகவே சொந்தக்காரர்கள் பேசுவார்கள். ஒப்பந்தத்தில் எழுதாத வரை பயிற்சி முடிந்ததும் வேலை தர எந்த நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை. அப்ரண்டிஸ் தொழிலாளி கணக்கில் வரமாட்டார் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது. அதே சட்டம் பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

சேர்ந்த பிறகு நடக்கும் தவறைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க ஒரே சீட்டில் பில் அடித்துக்கொண்டிருந்தால் கை மட்டும்தான் பழகும். ஒரு டிசியை, அதாவது சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலானை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து பெருந்துறைக்குச் சாயத்துக்குப் போகும் துணிக்கு அது விற்பனை பில் ஆகாது, ஜாப் ஒர்க் சலான்; அதாவது வெளியில் வேலை செய்து வாங்க அனுப்பும் சரக்குக்கான சீட்டு. எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன கலர், எந்த ஆர்டர், எந்த வண்டி என்று எல்லாம் அதில் இருக்கும். மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும்; வண்டி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் வழியில் சிக்கல்தான். சாயம் முடிந்து துணி எடை குறைந்து திரும்பும்போது, அந்தக் குறைவு வழக்கமானதா, அதிகமா என்று அதே டிசியை வைத்துத்தான் கேட்க முடியும். ஓராண்டுக்குள் சரக்கு திரும்பவில்லை என்றால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். டைப் அடிப்பவருக்கு இது தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளப்போவது ஆடிட்டர் கேட்கும் அன்றைக்குத்தான்.

அதனால் ஸ்டோர், மெர்ச்சண்டைசிங் (ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவு), கணக்கு, ஆள்வருகைப் பதிவு என்று மாற்றி மாற்றி உட்கார வைக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேனேஜரிடம் கேளுங்கள். பார்த்த வேலையை அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கையெழுத்து வாங்குங்கள். பத்தாவது மாதம் வேறு கம்பெனி இரண்டாயிரம் கூடக் கொடுக்கிறது என்று பாதியில் எழுந்து போனால், திறன் சான்றிதழ் கைக்கு வராது.