சின்ன ஹோட்டலில் ஆட்கள் நிலைக்க வேண்டுமா? இந்த வரிசையில் செய்து பாருங்கள்

பத்துப் பேருக்குள் ஆள் வைத்து மெஸ், பரோட்டா கடை, டிபன் கடை என்று புதிதாக நடத்துகிறவர்களுக்காக இது. ஊக்கப்பரிசு என்றதும் சிலர் 'இந்த மாதச் சிறந்த ஊழியர்' என்று சுவரில் போட்டோ மாட்டக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு சின்ன கடையில் ஒருவர் முகம் மலர்ந்தால் மீதி எல்லோர் முகமும் சுருங்கிவிடும்.

முதலில் சம்பளத் தேதி. 5 என்றால் 5 தான், வியாபாரம் படுத்தாலும் சரி. யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது வார லீவு. அசைவக் கடை என்றால் செவ்வாய், வெள்ளியில் கூட்டம் குறைவுதான், அன்றைக்கு முறை வைத்து அனுப்பலாம். ஆனால் மாஸ்டருக்கு லீவு கொடுத்தால் அடுப்பில் யார் நிற்பது? இதற்கு ஒரே வழி, கிளீனர், சப்ளையர் இவர்களில் ஆர்வமுள்ள ஒருவரை மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் மாவு பிசைய, வீச்சு போடப் பழக்குவது. மாஸ்டர் லேசில் கற்றுத்தர மாட்டார், தன் இடம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அதனால் பையன் தனியாக நிற்கும் அளவுக்குத் தேறினால் மாஸ்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். பையனுக்கும் அன்றிலிருந்து சம்பளம் ஏற வேண்டும். என்னைக் கேட்டால் சின்ன கடையில் கொடுக்க முடிந்த பெரிய பரிசே இந்த ஏற்றம்தான்.

அப்புறம் டிப்ஸ். இப்போது பாதிப் பேர் ஜிபேயில் கொடுப்பதால் டிப்ஸும் பில்லோடு சேர்ந்து உங்கள் கணக்கில்தான் விழுகிறது. அதைத் தனியே குறித்து, ரொக்கத்தோடு சேர்த்து, வாரக் கடைசியில் பாத்திரம் கழுவும் அக்கா வரைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

விற்பனைக்குக் கமிஷன் வைக்கலாமா என்றால், அவசரப்படாதீர்கள். சப்ளையர் வாடிக்கையாளர் தலையில் எதையாவது கட்டப் பார்ப்பார், சமையலறைக்கு ஒன்றும் கிடைக்காது. மிச்சம் குறைந்தால் பரிசு என்பதும் ஆபத்துதான், நேற்றைய குருமா இன்று இலைக்கு வந்துவிடும்.

ஒடிசா, பீகார் பையன்கள் இருந்தால் ஊருக்குப் போகிற ரயில் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பது உங்களுக்கும் நல்லது.

கடைசியாக தீபாவளி போனஸ். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது, அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். உங்கள் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் தொகையை ஆடியிலேயே சொல்லிவிட்டு, பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கையில் கொடுங்கள். முந்தின நாள் ராத்திரி கொடுத்தால் பிள்ளைகளுக்கு எப்போது துணி எடுப்பார்கள்?